அநாதைகளே இல்லாத காட்டில் ஓர் அநாதை இல்லம்

அந்தமான் பழங்குடிக் குழந்தைகளுக்கு நாகரிகம் கற்றுத்தர ரோஸ் தீவில் 1863-ல் தொடங்கிய முயற்சி, ஒரு மக்கள் கூட்டத்தையே கரைத்துவிட்டது. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, ஜாரவா குழந்தைகளுக்கும் விடுதிப் பள்ளிதான் மருந்து என்று ஒரு குரல் எழுந்தது.

2010 ஜனவரி 26. நாடு குடியரசு தினம் கொண்டாடிக்கொண்டிருந்த அன்று அந்தமானில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். பெயர் போவா சீனியர். வயது 85 இருக்கலாம். அவரோடு 'போ' என்ற மொழியும் போயிற்று. அந்த மொழியில் பேச உலகில் அவரைத் தவிர வேறு ஆள் இல்லை. பெற்றோர் இறந்த பிறகு பல பத்தாண்டுகளாக அவருக்குத் தாய்மொழியில் பதில் சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. மற்றவர்களோடு ஜேரு மொழியிலும் அந்தமான் இந்தியிலும் சமாளித்தார். அவர் பறவைகளோடு பேசுவார் என்று எழுதியிருக்கிறார், அவரிடம் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து மொழியைப் பதிவு செய்த மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி. பறவைகளுக்குத் தன் பேச்சு புரியும் என்று அந்த அம்மாள் நம்பினாராம்.

அதற்கு இரண்டே மாதம் முன்பு, 2009 நவம்பரில், கோரா மொழியின் கடைசி ஆள் போரோ சீனியர் இறந்தார். 2020 ஏப்ரலில் லிச்சோ. அவரோடு சாரி மொழி. பத்து இனங்களாக, பத்து மொழிகளோடு வாழ்ந்தவர்கள் கிரேட் அந்தமானியர்கள். 1858-ல் அவர்கள் எத்தனை பேர் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மூவாயிரம் என்பவர்கள் உண்டு, ஐயாயிரத்துக்கும் மேல் என்பவர்களும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் 44 பேர்.

நோய் கொன்றது, துப்பாக்கி கொன்றது, காடு போயிற்று என்று இதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். எல்லாமே உண்மை. ஆனால் அந்த நோயும் புகையிலையும் புதுப் பழக்கங்களும் வந்து நுழைந்த வாசல் ஒன்று உண்டு. அதன் பலகையில் 'இல்லம்' என்று எழுதியிருந்தது.

பிணைக்கைதிகளின் பள்ளிக்கூடம்

ஒரு காலத்தில் போர்ட் பிளேயர் என்றும் 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்றும் அழைக்கப்படும் நகரத்தின் கரையிலிருந்து ரோஸ் தீவுக்கு விசைப்படகில் சில நிமிடப் பயணம்தான். 2018-ல் இந்தத் தீவுக்கும் பெயர் மாறிவிட்டது. இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. சுற்றுலாப் பயணிகள் ஆலமர வேர்கள் விழுங்கிக்கொண்டிருக்கும் தேவாலயத்தைப் படம் எடுக்கிறார்கள், மான்களுக்குத் தீனி போடுகிறார்கள், தலைமை ஆணையர் மாளிகையின் சிதிலங்களையும் ஜப்பானியர்களின் பதுங்கு குழிகளையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்தமான் மக்களை முதன்முதலாகக் கூரைக்குள் அடைத்து வைத்ததும் இங்கேதான் என்ற நினைப்பு யாருக்கும் வருவதில்லை.

1857 கலகத்துக்குப் பிறகு கைதிகளை நாடு கடத்த ஆங்கிலேயர்கள் தேர்ந்தெடுத்த இடம் அந்தமான். 1858 மார்ச்சில் முதல் 200 கைதிகளோடு வந்து இறங்கினார் டாக்டர் ஜே.பி. வாக்கர். காடு வெட்டப்பட்டது. காட்டுக்கு உரியவர்கள் எதிர்த்தார்கள். 1859 மே மாதம் வில்லும் அம்புமாகத் திரண்டுவந்து துப்பாக்கிகளிடம் தோற்றார்கள். அபர்டீன் போர் என்று அதற்குப் பெயர்.

1863 தொடக்கத்தில் கடற்படைப் பிரிவின் வீரர் ஒருவரை அந்தமானியர்கள் கொன்றார்கள். காரணமில்லாத கொலை என்று முதலில் அறிக்கை போயிற்று. இரண்டு பேர் பிடிபட்டார்கள். செத்தவர் அவர்களுடைய பெண் ஒருத்தியிடம் முறைகேடாக நடக்க முயன்றதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் பிடிபட்டவர்கள் உடனே விடுவிக்கப்படவில்லை. ரோஸ் தீவில் வைத்துப் பழக்கினால் மற்றவர்களும் வசப்படுவார்கள் என்று நிர்வாகத்துக்குத் தோன்றியது. அந்தப் பொறுப்பு குடியேற்றத்தின் பாதிரியார் ஹென்றி கார்பினிடம் ஒப்படைக்கப்பட்டது. 'அந்தமான் இல்லம்' பிறந்தது இப்படித்தான். இன்று தேனிலவுத் தம்பதிகள் குளிக்கிற கார்பின்ஸ் கோவ் கடற்கரை அவர் பெயரைத்தான் சுமக்கிறது.

கார்பின் கொடுமைக்காரர் இல்லை. அவர்களுக்கு நன்மை செய்வதாகவே மனதார நம்பினார். உடை உடுத்தினார், ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார், சிலரைக் கல்கத்தாவுக்கு அழைத்துப் போய்க் காட்டினார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பெருமையை அவர்கள் கண்ணால் பார்த்து வியப்பார்கள் என்பது திட்டம். அங்கே கல்கத்தாக்காரர்கள்தான் கூட்டம் கூட்டமாக வந்து இவர்களை வேடிக்கை பார்த்தார்கள்.

இல்லத்தில் காவல் இருந்தது. வெளியே போக அனுமதி கிடையாது. முடிந்தவர்கள் கடலில் நீந்தித் தப்பினார்கள். இதைப் பள்ளிக்கூடம் என்பதா, பிணைக்கைதிகள் கொட்டடி என்பதா? பின்னாளில் அந்தமானியர்களுக்குப் பொறுப்பு அதிகாரியாக இருந்த எம்.வி. போர்ட்மன், 1899-ல் வெளியான தன் இரண்டு பாக வரலாற்றில் கார்பினின் முறைகளைக் கடுமையாக விமர்சித்தார். ஆங்கிலேய அதிகாரி ஒருவரே அப்படி எழுதினார் என்றால் உள்ளே நடந்ததை ஊகித்துக்கொள்ளலாம்.

பூவின் பெயரும் பொம்மைப் பெயரும்

முதலில் மாறியது பெயர். பிடிபட்ட இருவருக்கும் வைத்த பெயர்கள் ஸ்னோபால், ஜம்போ. ஜம்போவின் மனைவிக்கு டாப்ஸி. வேறு சிலருக்கு குரூசோ, ஃப்ரைடே. கன்னங்கரிய மனிதனுக்குப் 'பனி உருண்டை' என்று பெயர் வைப்பது அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுக்கு நகைச்சுவை. டாப்ஸி என்பது அப்போது பிரபலமாக இருந்த ஒரு அமெரிக்க நாவலில் வரும் அடிமைச் சிறுமியின் பெயர்.

அந்தமானியர்கள் பெயர் வைக்கும் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1870களில் இல்லங்களின் பொறுப்பில் இருந்த இ.எச். மேன் அதை விரிவாக எழுதியிருக்கிறார். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே பெயர் வைத்துவிடுவார்கள். பெண் வயதுக்கு வந்ததும் இன்னொரு பெயர் சேரும். அந்தச் சமயத்தில் காட்டில் எந்த மரம் பூத்திருக்கிறதோ அந்தப் பூவின் பெயர். அவர்களுக்கு நாட்காட்டி கிடையாது. பூக்கும் மரங்களும் கிடைக்கும் தேனும்தான் காலக்கணக்கு. ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டாலே அவள் எந்தப் பருவத்தில் பெரியவள் ஆனாள் என்பது தெரிந்துவிடும். அந்தப் பெண்ணை டாப்ஸி என்று கூப்பிட்டால் அழிவது ஒரு பெயர் மட்டும்தானா?

மேன் எழுதிய இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. அந்தமானியர்களிடம் ஆறேழு வயதைத் தாண்டிய குழந்தை பெற்ற தாய் தந்தையோடு இருப்பது அபூர்வம். விருந்துக்கு வந்த நண்பர், போகும்போது உங்கள் பிள்ளையை எங்களுக்குத் தத்துக் கொடுங்கள் என்று கேட்பார். அது மரியாதை, நட்பின் அடையாளம். பிள்ளை அங்கே போய் வளரும். பெற்றவர்கள் போய்ப் பார்த்து வருவார்கள். வளர்ப்புத் தகப்பன் தன் பிள்ளையிலிருந்து அதைப் பிரித்துப் பார்க்க மாட்டான். ஒரு குழந்தைக்கு இரண்டு மூன்று வீடுகள், எல்லா வீட்டிலும் அம்மா அப்பா. தாய் இறந்தால் குழந்தை தெருவில் நிற்காது. நம் ஊர் அர்த்தத்தில் 'அநாதை' என்று சொல்ல அங்கே ஆளே இல்லை.

அந்தச் சமூகத்தில்தான் ஆங்கிலேயர்கள் அநாதை இல்லம் திறந்தார்கள்.

கார்பின் 1864-ல் விலகினார். அவர் இடத்துக்கு வந்த ஹோம்ஃப்ரே இல்லங்களைக் கரையோரமாகப் பல இடங்களுக்கு விரித்தார். வருபவர்களுக்கு உணவு, புகையிலை, துணி கிடைக்கும். அவர்கள் பதிலுக்குத் தப்பியோடிய கைதிகளைக் காட்டில் தேடிப் பிடித்துத் தர வேண்டும். குழந்தைகளைத் தனியாகப் பிரித்து வைத்து எழுத்தும் கணக்கும் வீட்டுவேலையும் பழக்குவதற்குத்தான் அநாதை இல்லம். பெரியவர்கள் திருந்த மாட்டார்கள், பிள்ளைகளைப் பிடித்தால் அடுத்த தலைமுறை நம் கையில் என்ற கணக்கு. இதே கணக்கைத்தான் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வேறு ஆட்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர்கள் பிள்ளைகளை விட்டுக்கொடுத்தார்களே, எதிர்க்கவில்லையே என்று கேட்கலாம். தத்துக் கொடுத்துப் பழகிய மக்கள், அநாதை இல்லத்தையும் அப்படி ஒரு வீடு என்று எண்ணியிருக்கக்கூடும் என்பது இந்தக் கட்டுரையாளரின் ஊகம். ஆனால் தத்துப்போன பிள்ளை அதே காட்டில் அதே மாதிரியான பேச்சைப் பேசி வளர்ந்தது. ஆமை பிடிக்கவும் தேன் எடுக்கவும் கற்றது. அநாதை இல்லத்துக்குப் போன பிள்ளை, மேஜையில் தட்டு வைக்கவும் எஜமானின் பேச்சைப் புரிந்துகொள்ளவும் கற்றது.

மருந்தைவிட வேகமாக

அடுத்து நடந்ததைச் சொல்லத் தேதிகள் போதும். 1868-ல் நுரையீரல் காய்ச்சல். 1876-ல் இல்லங்களில் மேகநோய் பரவியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அந்தமானியர்களைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்ட கைதிகளே அதைப் பரப்பினார்கள். 1877-ல் தட்டம்மை. அந்த நோயை உடம்பு முன்பின் அறியாத மக்கள் ஈசல் மாதிரி விழுந்தார்கள். இல்லத்தில் கூட்டமாக இருந்தவர்களுக்கு முதலில் வந்தது. பயந்து காட்டுக்குள் ஓடியவர்கள் அதைத் தங்களோடு கொண்டுபோனார்கள். கிரேட் அந்தமானியர்களில் பாதிக்கும் மேல் அந்த ஒரு நோயில் போயிருப்பார்கள் என்பது போர்ட்மனின் கணிப்பு.

அதே 1877-ல்தான் மேனும் ஆர்.சி. டெம்பிளும் ஏசு கற்பித்த ஜெபத்தைத் தெற்கு அந்தமான் மொழியில் பெயர்த்துக் கல்கத்தாவில் அச்சிட்டார்கள். படிக்க வேண்டியவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

இல்லங்களில் பிறந்த குழந்தைகளின் கதி இன்னும் மோசம். 1860களின் நடுவிலிருந்து 1870 வரை அங்கே பிறந்த சுமார் 150 குழந்தைகளில் ஒன்றுகூட இரண்டு வயதைத் தாண்டவில்லை என்று அதிகாரிகளே கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். அநாதை இல்லம் நடத்துகிறவர்களுக்கு அநாதைகள் கிடைத்தார்கள், ஆனால் அவர்களும் நிலைக்கவில்லை.

1901 கணக்கெடுப்பில் கிரேட் அந்தமானியர்கள் 625 பேர். 1911-ல் 455. 1921-ல் 209. 1931-ல் 90. சுதந்திர இந்தியாவின் முதல் கணக்கெடுப்பில், 1951-ல், 23. பத்தாண்டுகள் கழித்து 19. ஆட்கள் குறையக் குறைய இல்லங்களும் சுருங்கி மறைந்துபோயின.

எந்த மொழி முதலில் செத்தது என்று பார்த்தால் ஒரு உண்மை புரியும். போவாவின் இனம் வெகு வடக்கே வாழ்ந்தது. இல்லத்தின் பிடி அங்கே தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் அந்த மொழி 2010 வரை ஒரு நாக்கிலாவது உயிரோடு இருந்தது. முதலில் போனவற்றில் ஒன்று பேயா மொழி. போர்ட் பிளேயரைச் சுற்றி வாழ்ந்தவர்களின் மொழி. கார்பின் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர்களின் மொழி. மேன் அதற்குப் பெரிய அகராதி ஒன்றைத் தொகுத்தார். அது 1923-ல் புத்தகமாக வந்தபோது அந்தச் சொற்களைப் பேச அநேகமாக ஆட்கள் மிஞ்சவில்லை.

பிள்ளைகளைத் தூக்கிவந்து பழக்கும் பழக்கத்தை நிர்வாகம் அதற்குள் மறக்கவில்லை. 1880-ல் போர்ட்மன் வட சென்டினல் தீவில் ஒரு வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்து போர்ட் பிளேயர் கொண்டுவந்தார். பெரியவர்கள் இருவரும் சீக்கிரமே நோயில் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு கொண்டுபோய் அதே தீவில் விட்டார்கள். சென்டினல் மக்கள் வெளியாட்களைக் கண்டால் ஏன் அம்பு விடுகிறார்கள் என்று தொலைக்காட்சிகள் விவாதித்தபோது இந்தச் சம்பவத்தை நினைவுபடுத்தியவர்கள் சிலர்தான்.

பின்னாளில் போர்ட்மனுக்கே மனது உறுத்தியது. வெளியாரின் உறவு இந்த மக்களுக்குத் தீமையைத் தவிர வேறொன்றும் தரவில்லை என்று லண்டனில் ஒரு கூட்டத்தில் ஒப்புக்கொண்டார்.

ஒரு தமிழ் உபதேசியாரின் வகுப்பு

அப்படியானால் தீவுவாசிகளுக்குப் பள்ளிக்கூடமே கூடாதா? கேள்வி நியாயமானது. பதில் அந்தமானில் இல்லை, அதற்குத் தெற்கே கார் நிக்கோபார் தீவில் இருக்கிறது. அதில் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு.

போர்ட் பிளேயர் அநாதை இல்லத்தில் பிறகு நிக்கோபார் சிறுவர்களும் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்குப் பாடம் சொன்னவர் வேதப்பன் சாலமன் என்ற தமிழர், ஆங்கிலிக்கன் சபையின் உபதேசியார். 1890களின் மத்தியில் அவர் வேலை கார் நிக்கோபாரின் முஸ் கிராமத்துக்கு மாறியது. பிள்ளைகளைப் போர்ட் பிளேயருக்கு வரவழைப்பதற்குப் பதில் ஆசிரியர் அவர்கள் ஊருக்குப் போனார். அரசின் பிரதிநிதியாகவும் இருந்தார். வந்துபோகும் தேங்காய் வியாபாரக் கப்பல்களைக் கண்காணித்தார், நாட்குறிப்பு எழுதினார், பள்ளிக்கூடம் நடத்தினார். மணி அடித்ததும் பிள்ளைகள் தங்கள் வீட்டுக்குப் போனார்கள். வீட்டில் நிக்கோபாரி மொழிதான் பேச்சு.

அவரிடம் படித்தவர்களில் ஒருவன் ஹா செவ் கா. 1884-ல் பிறந்தவன். சாலமன் அவனை மேற்படிப்புக்கு பர்மாவின் மண்டலேக்கு அனுப்பிவைத்தார். திரும்பி வரும்போது அவன் பெயர் ஜான் ரிச்சர்ட்சன். (பெயர் மாற்றும் வழக்கத்திலிருந்து இங்கேயும் தப்ப முடியவில்லை.) முஸ் கிராமத்தில் ஆசிரியர் ஆனார், பிறகு பாதிரியார், 1950-ல் பிஷப். 1952-ல் நாட்டின் முதல் மக்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனார். பத்மஸ்ரீ, பத்மபூஷண் இரண்டும் கிடைத்தன. அதைவிடப் பெரிய காரியம், அவரும் ஆங்கிலப் பாதிரியார் ஜார்ஜ் ஒயிட்ஹெட்டும் நிக்கோபாரி மொழிக்கு ரோமன் எழுத்தில் புத்தகங்கள் உண்டாக்கினார்கள். பிரார்த்தனைப் புத்தகம், நற்செய்திகள், பின்னாளில் முழு விவிலியம்.

ரிச்சர்ட்சனும் விடுதியில் தங்கிப் படித்தவர்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அவர் திரும்பி வந்து சேர ஓர் ஊர் இருந்தது. அவர் பேச்சைப் புரிந்துகொள்ள ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே இருந்தார்கள். ரோஸ் தீவில் படித்த சிறுவனுக்குத் திரும்பிப் போக ஊரும் இல்லை, உறவும் இல்லை.

கார் நிக்கோபார் கதையில் எல்லாம் சுபம் என்று சொல்ல முடியாது. அங்கே பழைய வழிபாடுகள் பெரும்பாலும் மறைந்தன. நிக்கோபார் மக்கள் எண்ணிக்கையில் அதிகம், தென்னந்தோப்பும் கடல் வாணிபமும் தெரிந்தவர்கள், வெளியார் நோய்கள் அவர்களை அந்த அளவுக்கு வீழ்த்தவில்லை. சாலமனின் பள்ளி மட்டுமே அவர்களைக் காப்பாற்றியது என்றால் அது மிகை. இருந்தாலும் 2011 கணக்கெடுப்பில் நிக்கோபாரிகள் 27 ஆயிரத்துக்கு மேல். 2004 டிசம்பர் சுனாமி அந்தத் தீவையே புரட்டிப்போட்ட பிறகும் நிக்கோபாரி மொழியில் தாலாட்டு கேட்கிறது, பாதிரியார் பிரசங்கம் செய்கிறார்.

இந்தியில் வளரும் பேரப்பிள்ளைகள்

மிஞ்சிய கிரேட் அந்தமானியர்களை 1970 வாக்கில் அரசு ஸ்ட்ரெய்ட் தீவில் குடியேற்றியது. ரேஷன், வீடு, மருத்துவம் எல்லாம் அரசு செலவு. பழங்குடிகளுக்கான அரசு அமைப்பான அந்தமான் ஆதிம் ஜனஜாதி விகாஸ் சமிதி போர்ட் பிளேயரில் நடத்தும் 'ஆதி பசேரா' விடுதியிலும் பலர் தங்குகிறார்கள். பிள்ளைகள் நகரத்துப் பள்ளிகளில் படிக்கிறார்கள். சிலர் அரசு வேலையிலும் இருக்கிறார்கள். யாரும் அவர்களைக் கட்டிப்போட்டு வைக்கவில்லை. எண்ணிக்கையும் மெல்லக் கூடியிருக்கிறது.

ஆனால் வீட்டுப் பேச்சு இந்தி. அப்பி 2000களில் ஆய்வு தொடங்கியபோதே மொழியைப் பேசக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். அவர்கள் பேசியதும் ஜேருவை அடிப்படையாகக் கொண்ட ஒரு கலவை. பத்து மொழிகளில் மிஞ்சிய துணுக்குகளை ஒட்டி உருவான பேச்சு. அந்த மொழியின் இலக்கணம் உலகில் வேறெங்கும் எளிதில் காண முடியாதது என்கிறார் அப்பி. மனித உடம்பின் உறுப்புகளை ஏழு பிரிவாக்கி, சொல்லுக்குச் சொல் அந்தப் பிரிவின் முன்னொட்டைச் சேர்த்துப் பேசுவார்கள். ஒரு பொருள், ஒரு உறவு, ஒரு செயல் உடம்போடு எந்த அளவு நெருக்கம் என்பதை வாய் திறந்ததும் சொல்லிவிடும் மொழி. அதைப் பாடமாகச் சொல்லித்தர எந்தப் பள்ளியிலும் ஆசிரியர் இல்லை.

இதே நகரத்தில் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் வழிப் பள்ளி உண்டு. தெலுங்கு, வங்காளி பிள்ளைகளுக்கும் அவரவர் மொழியில் வகுப்பு உண்டு. எல்லாரும் கப்பலேறி வந்தவர்கள். தீவின் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைதான் இரவல் மொழியில் 'அ, ஆ' தொடங்க வேண்டியிருக்கிறது. (நம் ஜவ்வாது மலையிலும் நீலகிரியிலும் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் பழங்குடிப் பிள்ளைகள் வீட்டுப் பேச்சை வகுப்பறை வாசலில் விட்டுவிட்டுத்தான் நுழைகிறார்கள் என்பதால், அந்தமானை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.)

கனடாவில் 1880களிலிருந்து நூறாண்டுகளுக்கு மேல் ஒன்றரை லட்சம் பூர்வகுடிக் குழந்தைகள் உறைவிடப் பள்ளிகளில் அடைபட்டார்கள். கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களில்தான். 2008-ல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உண்மை அறியும் ஆணையம் ஆயிரக்கணக்கானவர்களின் வாக்குமூலம் வாங்கி 2015-ல் அறிக்கை கொடுத்தது. அதே 2008-ல் ஆஸ்திரேலியாவும், 2024-ல் அமெரிக்க அதிபரும் மன்னிப்புக் கேட்டார்கள். சாட்சி சொல்ல அங்கே ஆட்கள் உயிரோடு இருந்தார்கள். தாங்கள் அடிபட்டதை, பட்டினி கிடந்ததை, தாய்மொழியில் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டதைக் கேமரா முன்னால் சொன்னார்கள். ரோஸ் தீவின் அநாதை இல்லத்தில் இருந்தவர்களுக்குப் பேரப்பிள்ளைகள்கூட அநேகமாக இல்லை. அவர்களுக்காக யாரும் ஆணையம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் முன்னால் வந்து உட்கார ஆள் வேண்டுமே.

அடுத்தது ஜாரவா

இதெல்லாம் பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம் 2010. போவா சீனியர் இறந்த அதே ஆண்டு, அந்தமானின் அப்போதைய மக்களவை உறுப்பினர் ஒரு யோசனை சொன்னார். ஜாரவா மக்களை விரைவாகப் பொதுநீரோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும், அவர்கள் பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் சேர்த்து இனத்திலிருந்து பிரித்துப் பழக்க வேண்டும் என்பது அதன் சாரம். கார்பின் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். பழங்குடி உரிமை அமைப்புகள் எதிர்ப்புக் குரல் கொடுத்தன.

அந்த உறுப்பினரைக் கெட்டவர் என்று நினைக்கத் தேவையில்லை. அந்தமான் நெடுஞ்சாலையில் பிஸ்கட்டுக்குக் கை நீட்டும் ஜாரவா குழந்தைகளைப் பார்த்த பலர் இதே யோசனையைச் சொல்கிறார்கள். இவர்கள் மட்டும் ஏன் படிக்காமல் காட்டில் கிடக்க வேண்டும் என்று போர்ட் பிளேயரின் டாக்ஸிக்காரர்கூடக் கேட்பார். கேள்வியில் அக்கறை இருக்கிறது. 1863-லும் அக்கறை இருந்தது.

ஜாரவாக்கள் பகைமையை விட்டுத் தாங்களாகவே காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கியது 1997-ல். அதற்கு முந்தைய ஆண்டு ஒரு ஜாரவா சிறுவன் கால் முறிந்து கிடந்தபோது போர்ட் பிளேயர் மருத்துவமனையில் மாதக்கணக்கில் வைத்துக் குணப்படுத்தி அனுப்பினார்கள். அவன் போய்ச் சொன்ன கதைதான் மற்றவர்களின் பயத்தைப் போக்கியது என்பார்கள். வெளியே வந்த இரண்டே ஆண்டில், 1999-ல், தட்டம்மை அவர்களைப் பிடித்தது. 1877 திரும்பிவிடுமோ என்று பயந்த நேரம் அது. இந்த முறை மருத்துவர்கள் காப்பாற்றினார்கள்.

நீதிமன்ற வழக்குகளுக்குப் பிறகு 2004 டிசம்பரில் மத்திய அரசு ஜாரவா கொள்கையை வெளியிட்டது. தலையீட்டைக் குறைக்க வேண்டும், அவர்களை வலிந்து மாற்றக் கூடாது, வெளியுலகத்தோடு எப்போது எப்படிச் சேர்வது என்பதை அவர்கள் வேகத்துக்கே விட வேண்டும் என்பது அதன் அடிப்படை. இந்தியாவில் ஒரு பழங்குடிக்காக எழுதப்பட்ட அரசு ஆவணங்களில் நிதானமானவற்றில் இதுவும் ஒன்று. 2011 கணக்கெடுப்பில் ஜாரவாக்கள் 380 பேர். அதன் பிறகு கூடியிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் அவர்களில் 19 பேருக்கு வாக்காளர் அட்டை வழங்கப்பட்டது. கொள்கையோடு இது எப்படிப் பொருந்துகிறது என்பது தனி விவாதம்.

பள்ளி விஷயத்தில் இதுவரை நிர்வாகம் பிள்ளைகளை நகரத்துக்குக் கொண்டுபோகவில்லை. காட்டுக்குள் இருக்கும் முகாம்களில், ஜாரவா மொழி கொஞ்சம் பழகிய சமிதி ஊழியர்கள் எழுத்தும் எண்ணும் சொல்லித்தருகிறார்கள். பணம் என்றால் என்ன, தேனுக்கும் நண்டுக்கும் வெளியே என்ன விலை, யார் ஏமாற்றுவார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. வேட்டை கிடைத்தால் வகுப்புக்கு ஆள் வராது. வருகைப் பதிவேட்டை வைத்து அளப்பவர்களுக்கு இது தோல்வியாகத் தெரியும். காட்டுப்பன்றியின் தடம் பார்க்கப் போன பையன் அன்று தன் தகப்பனிடமிருந்து தன் மொழியில் எத்தனை சொற்கள் கற்றான் என்பதற்கு அந்தப் பதிவேட்டில் பத்தி இல்லை. சாயந்திரம் அவன் திரும்பிப் போவது இன்னும் தன் ஆட்களிடம்தான்.